குப்புராஜின் கிசுகிசு

“ஹலோ… ஆங், ஆங், நான்தான், கெங்கா… கேக்குது, நீ சொல்லு… இல்லடி, இப்ப பேசக் கூடாது. ஜீப்புல கீறோம். முன்னால சிங்கம் படுத்துக்கினு கீது… சிங்கம்! … பொம்ம இல்ல, நெஜ சிங்கம்தான். வழியில குறுக்கால படுத்துக்கினு நவுறவே மாட்டேங்குது.”

கம்பி வலை போட்ட அந்த ஜீப்பில் ஏறும்போதே, வண்டியை ஓட்டும் வழிகாட்டி தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொல்லியிருந்தார், மிருகம் எதிரே இருந்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று. குப்புராஜ் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினார். இப்போதும் அவர் அந்தப் பேச்சை மீறவில்லை. இடது கையைக் குவித்து வாய்க்கும் செல்போனுக்கும் நடுவே அணை கட்டிக்கொண்டு, மனைவி கெங்கம்மாளிடம் மிக மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மெதுவாக என்பது அவருடைய கணக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஆள் அவர். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்குள் நுழைந்து கம்பியாகப் பாயும் இரைச்சலில் பத்தொன்பது வருடம் நின்றவர். அந்த மில்லில் ரகசியம் சொல்வதென்றால் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துவது என்று அர்த்தம். அந்த முறைப்படிதான் இங்கேயும் ரகசியம் பேசினார்.

“வண்டி நின்னுபோச்சு… ரிப்பேரு இல்ல, சேறு. நேத்து மழையில ஊறிக் கெடந்த பள்ளத்துல முன் சக்கரம் எறங்கிச்சு. ரோடே இல்ல இங்க. கல்லும் குழியும்தான், அதுக்குத்தான் டிக்கெட்டே… ஆமா, ஆமா, இடுப்பு போச்சு. வேற வண்டி வந்து இழுக்கணுமாம். அது வர்ற வரைக்கும் கம்முனு குந்திக்கினு இருங்கன்னு கைய காட்டுறாரு… நான் எங்கடி சத்தம் போடறேன்? மெதுவாத்தான பேசறேன்?”

வழிகாட்டி திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். குப்புராஜ் அவருக்கு ஒத்தாசையாகத் தானும் உதட்டில் விரலை வைத்து, பின் இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத நாலு பேரையும் கண்டிப்பாக ஒரு பார்வை பார்த்தார். பாவம், அவர்கள் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“… பையனா? கீறான், கீறான். எனக்கு நேர் முன்னால, அவங்க அப்பா பக்கத்துல… வசந்தகுமாருதான், போட்டோல பாத்த அதே மூஞ்சி… பேசலடி! எப்டி பேசுவேன்? வரதன் இன்னா சொல்லி அனுப்பிச்சான்? தெரியாத மாதிரி ஏறணும், தெரியாத மாதிரி எறங்கணும்னான்ல? நான் அவங்கள திரும்பிக்கூட பாக்கல. யாரோ எவரோன்னு குந்திக்கினு கீறேன்.”

யாரோ எவரோவின் முதுகு லேசாகக் குலுங்கியது.

எல்லாம் தரகர் வரதனின் ஏற்பாடு. குப்புராஜின் மகள் சுமலதாவைப் பார்க்க ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் வீடு தேடி வந்து, கை நனைத்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தன. பொன்னேரியை அடுத்த ஆரணிப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் தெருவுக்கு ஆறு மாதத்துக்கு அது போதுமான பேச்சாக இருந்தது. சரி, கோயிலில் தற்செயலாகப் பார்த்த மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்றால், பொன்னேரிக் கோயிலில் எந்த நேரம் போனாலும் பாதி ஊர் நிற்கும். அது இரண்டாயிரத்து எட்டு. மின்வெட்டுக்காகத் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒரு நாள் பவர் ஹாலிடே விட்டிருந்தார்கள். பையனின் அப்பா துளசிராமனுக்கும் குப்புராஜுக்கும் அது ஒரே வியாழக்கிழமையில் விழுந்தது. ஆகவே எளாவூர் செக்போஸ்டைத் தாண்டி, ஆந்திராவுக்குள், தெரிந்த முகமே இல்லாத இந்தத் திறந்தவெளி மிருகக்காட்சி சாலை. ஒரே ஜீப்பில் இரண்டு குடும்பமும் ஏறும். பிடித்தால் வரதனிடம் சொல்லுவார்கள். பிடிக்காவிட்டால் இறங்கி அவரவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு போகலாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. நெல் காயப்போட்டிருந்ததால் கெங்கம்மாள் மட்டும் வர முடியவில்லை. அந்தக் குறைக்குத்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு போன்.

“நெறமா? மாநெறம்… முடி கீது, நல்லாவே கீது… தொப்பையா? குந்திக்கினு கீறவனுக்கு எப்டிடி சொல்றது? … லேசா கீது போல.”

வசந்தகுமார் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“இல்ல, இல்ல. இப்ப பாத்தா இல்லடி. சட்டதான் லூசு.”

சுமலதா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

“சுமாவா? பயந்துக்கினு கீது. சிங்கத்த பாத்து என் சட்டைய கிழிச்சிடும் போல… ஏ சுமா, ஒண்ணும் ஆவாது, கம்பி கீது பாரு… இன்னாது? இல்ல கெங்கா, அவகிட்ட ஒண்ணியும் சொல்லல. அவளுக்குத் தெரியாதுன்னுதான் வரதன் நெனச்சிக்கினு கீறான். ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சிக்க. என் பாக்கெட்டுல இருந்த பையன் போட்டோவ ரெண்டு நாளா காணோம்னு தேடுனேன்ல? … காலைல டிக்கெட்டுக்கு சில்லறை கேட்டேன். பர்சத் தொறக்குது, போட்டோ உள்ள கீது! … ஆங்! நான் பாக்காத மாதிரி ஜன்னலப் பாத்துக்கினு வந்துட்டேன்.”

சுமலதா துப்பட்டாவை இழுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள். முன்னால் இருந்தவனின் இரண்டு காதும் சிவந்தன. சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து ஜீப்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“… சமையலப் பத்தி இதுவரிக்கும் யாரும் கேக்கல. கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. எங்க பொண்ணு பத்து பேருக்கு தனியா சமைக்கும்னு வரதன்கிட்ட அடிச்சி உட்டது நீதான? … ஆமா, ஆமா, ஊரு ஒலகத்துல சொல்றதுதான், இருந்தாலும் ஒரு அளவு வோணாமா? அது வெச்ச ரசத்த நம்ம மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சே, மறந்துட்டியா? … சிரிக்காத. சிரிக்கிற விஷயமா இது?”

பின் இருக்கையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். வழிகாட்டி ஸ்டீயரிங் மேல் நெற்றியைச் சாய்த்துவிட்டார். குப்புராஜ் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் முகம் மாறியிருந்தது. கையை இன்னும் நெருக்கமாகக் குவித்தார். குரலைத் தாழ்த்தினார், அல்லது தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார்.

“கெங்கா… ரசம்லாம் ஒண்ணும் இல்ல. வேலைதான் எனக்கு பயம்… ஆமா. ரெண்டு எடமும் அதனாலதான போச்சு? தெருவுல ஆயிரம் கத கட்டுறாங்க, நமக்குத்தான தெரியும். வேலைய உடச் சொன்னாங்க, இது மாட்டேன்னுச்சு… பஸ்சுல வரும்போது, நான் வாயே தொறக்கல, அதுவா சொல்லுது, ‘அப்பா, இவங்களும் வேலைய உடுன்னாங்கன்னா இதோட நிறுத்திக்கலாம்பா. இனிமே எனக்கு யாரையும் பாக்க வோணாம்’னு. சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிக்கிச்சு. அது சொல்றது ஞாயம்தான கெங்கா… பின்ன? அஞ்சு வருஷமா மைக்ரோமீட்டர கையில வெச்சிக்கினு ஒவ்வொரு சாமானையும் அளந்து, ஒரு மயிரிழ கூடுனாலும் இது ஆவாதுன்னு பெரிய பெரிய இஞ்சினீருங்க முன்னாலயே தள்ளி வெக்குது. கம்பெனில அது பேச்சுக்கு அவ்ளோ மரியாத கீது. அத்த போய் உட்டுட்டு வான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

சட்டையை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. சுமலதா துப்பட்டாவை விலக்கி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு.

“இத்த அவங்ககிட்ட எப்டி சொல்றதுன்னுதான் தெரியல. மொதல்லயே சொன்னா திமிருன்னுவாங்க. பின்னால சொன்னா ஏமாத்திட்டோம்னுவாங்க. வரதன்கிட்டகூட நான் மூச்சு உடல… ஆமா, நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய தெரியக் கூடாது.”

எங்கோ ஒரு மயில் கூடக் கத்துவதை நிறுத்திக்கொண்டது.

அப்போது இன்னொரு செல்போன் அடித்தது.

“இரு, இரு… அவருக்கு போனு. துளசிராமனுக்குத்தான்… ஊட்டுலேர்ந்து போல. வெச்சிடாத, லைன்லயே இரு… அடேங்கப்பா! இன்னா தொண்டடி அந்தாளுக்கு! கைய குவிச்சி வெச்சிக்கினு ரகசியம் பேசறாராம்! ஜீப்பே ஆடுது… ஆமா, அவரு மீஞ்சூரு பக்கம் போர்ஜிங் ஷாப்புல கீறாரு. இரும்ப சம்மட்டி மிஷினுல அடிச்சி அடிச்சி காது போயிருக்கும், பாவம். கத்தறது அவருக்கே தெரியல. இப்டியும் ஒரு மனுஷன் இருப்பானா? நாலு பேரு குந்திக்கினு கீற எடத்துல?”

ஜீப்பில் எல்லோரும் குப்புராஜை மிகுந்த கருணையோடு பார்த்தார்கள்.

“இன்னா பேசறாரா? இரு, கேட்டு சொல்றேன்… ‘பொண்ணு லட்சணமா கீது’ன்றாரு… நம்ம பொண்ணுதான்டி! வேற எந்த பொண்ணு கீது இங்க? … ‘பையனுக்கு ரொம்ப புடிச்சிப் போச்சு’… கெங்கா! புடிச்சிப் போச்சாம்! … ஐய, அழுவாத, முழுசா கேக்க உடு… ‘பொண்ணோட அப்பன்தான் கொஞ்சம்’னு இன்னாமோ சொன்னாரு, அது காதுல சரியா உழல… இரு… ‘வேலைக்கு போவட்டுமே, நாம எங்க வோணாம்னோம்?’ன்றாரு… கெங்கா, கேட்டியா? ‘கம்பெனில மரியாதையா கீற பொண்ண அடுப்பாண்ட குந்த வெச்சி நமக்கு இன்னா ஆவப் போவுது?’ன்றாரு…”

குப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனிதர். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் ரகசியம் வெளியே போய்விடும் என்று, வலது தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“… இன்னும் சொல்றாரு, இரு… ‘ரசத்த நானே வெச்சிக்கிறேன்னு பையன் சொல்றான்’னு…”

அவர் போனை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

“கெங்கா… ரசம் விஷயம் இவங்களுக்கு எப்டி தெரியும்? … நீ சொன்னியா? … பின்ன வரதனா? அவனுக்கே தெரியாதே… வேலை விஷயத்தயும் நாம யாருக்கும் சொல்லல… சுமா எப்டி சொல்லும்? என் பக்கத்துலதான குந்திக்கினு கீது…”

முன்னால் பார்த்தார். துளசிராமன் போனை மடியில் வைத்துவிட்டு, அரைப் பக்கம் திரும்பி, புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். வசந்தகுமார் இன்னும் மூச்சை உள்ளேயே இழுத்து வைத்திருந்தான். பின்னால் பார்த்தார். நாலு பேரும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

“கெங்கா… ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் பேசறது உனக்கு எப்டி கேக்குது? … ஓ… மில்லுல சேந்த நாள்லேர்ந்தா? … போன காதுல வெக்கறதே இல்லியா? களத்துல சாக்கு மேல வெச்சிட்டு நெல்லு தொழாவிக்கினேதான் கேக்கறியா? … அடுத்த ஊட்டு மேரி எங்க கீறாங்க? … அங்கியேவா? … பொண்ணுக்கு வாழ்த்து சொல்லச் சொல்றாங்களா…”

இனி அந்தத் தெருவுக்குத் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குத் தெரியாமல் முடிக்க வேண்டும் என்றுதானே செக்போஸ்ட் தாண்டி வந்தார்! பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, குவித்த கையை இறக்கிவிட்டு, குப்புராஜ் உண்மையிலேயே கிசுகிசுத்தார்.

“அப்ப… எல்லாருக்கும்… கேட்டிருச்சா…”

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் என்னவோ ஆகிவிட்டது.

“ஹலோ… கீறேன், கீறேன்… இல்லடி, சிங்கம் ஒண்ணும் பண்ணல… மெதுவா பேசறேன், அவ்ளோதான்… எனக்கு ஒண்ணும் ஆவல… ஐயோ, மேரிய எதுக்குக் கூப்புடற? அழுவாத… கொரலு கம்மியானா பயந்துக்குவியா நீ? … கெங்கா… ஏ கெங்கா… உயிரோடதான்டி கீறேன்! முழுசா கீறேன்! நம்ம பொண்ணுக்கு மாப்ள கெடச்சிட்டாரு!”

அதைச் சிங்கத்தாலும் தாங்க முடியவில்லை. எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, இந்த மனிதர்களோடு இனிப் பேச்சே இல்லை என்கிற மாதிரி புதருக்குள் போயிற்று. வழி திறந்தது. தூரத்தில் இழுவை வண்டியின் சத்தம் கேட்டது. துளசிராமன் இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டினார். குப்புராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுமலதா அழுகையும் சிரிப்புமாக அப்பாவின் தோளில் சாய்ந்தாள். அவளால் அந்த மனிதரை எப்படி வெறுக்க முடியும்? அவள் வாய் திறந்து கேட்டிருக்கவே முடியாத ஒன்றை அவர் ஒரு காட்டுக்கே கேட்கும்படி கேட்டு வாங்கித் தந்திருந்தார்.

“… ஆமா, ஆமா, சம்மந்தி கைய புடிச்சிக்கினுதான் கீறேன்… தேதிய வரதன் பாப்பான்… ஆங், இன்னொண்ணு. இரு, யாருக்கும் கேக்காம சொல்றேன்…”

துளசிராமனின் கையை விட்டுவிட்டு, குப்புராஜ் திரும்பவும் கையைக் குவித்தார்.

“அந்தத் தொப்ப விஷயம் கேட்டல்ல? சட்ட லூசு இல்லடி, நெஜமாவே—”

சுமலதா செல்போனைப் பிடுங்கி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.