ஒரே விலைக்காரனின் மூன்று எண்கள்

போன மாதம் பதினேழாம் தேதி, முப்பத்தொரு ஆண்டு வியாபாரத்தில் முதல்முறையாக, நான் கொடுத்த வாக்கிலிருந்து மாறினேன். ஒரு கம்பெனிக்கு ஒரு நோட்டை விற்பதாக முந்தின நாள் சொன்னேன். மறுநாள் விற்பதற்கில்லை என்றேன். நடந்தது இவ்வளவுதான். கடைவீதியில் கைமாறிக் கைமாறிக் கேட்டவர்கள் இனி மொத்த வியாபாரியிடமே கேட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

இனி முறைப்படி தொடங்குகிறேன்.

தராசுக் கடை வைத்திருப்பதாலோ என்னவோ, புகழ்வதிலும் திட்டுவதிலும் அரைக் கிராம் கூடாமல் அளந்து பேசும் அவைத்தலைவர் அவர்களே! இந்தச் சங்கம் பத்துப் பேராக இருந்தபோது பாயில் அமர்ந்து, நூறு பேரானபோது நாற்காலி வாங்கித் தந்த மூத்தோர்களே! கடையையும் வீட்டையும் ஒரே சாவிக்கொத்தில் கட்டி ஆளும் தாய்மார்களே! போட்டி போட்டுக்கொண்டே பொழுதெல்லாம் என்னோடு பேசும் சக வணிகர்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவருகே இடம்பிடித்திருக்கும் தொலைநோக்குள்ள நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தார்ப்பாய் விற்கிறேன், கயிறு விற்கிறேன். என் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது என் பெயர் அல்ல. ‘ஒரே விலை’. அதுவே எனக்குப் பெயராகவும் ஆயிற்று. சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு குணத்துக்காகத்தான் வணிகர்களுக்குள் வரும் வழக்குகளைத் தீர்க்கும் நாற்காலியில் ஒன்பது ஆண்டுகளாக என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் இருப்பவன் வாக்கு மாறலாமா? கேட்க வேண்டிய கேள்வி. கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

மலைமேல் நிற்கும் காற்றாலைகளை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இதோ நம் தலைக்கு மேல் இந்த மின்விசிறி சுற்றுகிறதே, அதற்கான மின்சாரம் இன்று எந்த மணியில் எவ்வளவு மலையிலிருந்து வரும் என்று நேற்றே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது தப்பினால் காற்றாலைக்காரர்களுக்கு அபராதம். காற்றுக்கு அபராதம் போட முடியாதே! ஆகவே அவர்கள் ஒரு சந்தை திறந்தார்கள். கூட்டுக் கணிப்புச் சந்தை. நாளைய காற்றில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று யார் வேண்டுமானாலும் எண் அனுப்பலாம். எல்லா எண்களையும் சேர்த்து, சரியாகச் சொல்லி வந்தவர் எண்ணுக்கு எடை கூட்டி, தவறியவர் எண்ணுக்கு எடை குறைத்து, ஒரே கணிப்பாக ஆக்குவார்கள். மறுநாள் காற்று வந்து தீர்ப்புச் சொல்லும்.

பணம் எப்படித் தருகிறார்கள்? இங்கேதான் நான் சொக்கிப் போனேன். ஒவ்வொருவரையும் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். இவர் இல்லாதிருந்தால் கணிப்பு எவ்வளவு கெட்டிருக்கும்? கெடுகிற அளவுதான் கூலி. அடுத்தவர் சொன்னதையே நீங்களும் சொன்னால், அது அப்படியே பலித்தாலும், உங்களுக்குக் கிடைப்பது சொற்பம். உரத்துச் சொன்னாயா என்று கேட்காத சந்தை! ஊரோடு சேர்ந்து சொன்னாயா என்று கேட்காத சந்தை! நீ இல்லாவிட்டால் என்ன குறையும் என்று மட்டும் கேட்கும் சந்தை!

காற்றாலை அலுவலகத்துக்குத் தார்ப்பாய் கொடுக்கப் போன இடத்தில், அங்கிருக்கும் பொறியாளர் அம்மா இதைச் சொன்னார். சந்தை என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குக் கால் நிற்காது. அன்றே சேர்ந்தேன்.

சேர்ந்து பத்தொன்பது நாள். எனக்குக் கிடைத்தது பூஜ்யம். சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். நான் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“என்னம்மா, உங்க சந்தையில தராசு கிராசு கெட்டுப்போச்சா?”

“தராசு நல்லாத்தான் இருக்கு, ஐயா. நாங்க மூணு எண் கேட்டோம். பத்துல ஒன்பது நாள் இதுக்குக் கீழ போகாதுன்னு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பத்துல ஒன்பது நாள் இதுக்கு மேல ஏறாதுன்னு ஒண்ணு. நீங்க தினம் மூணு இடத்துலயும் ஒரே எண்ணைப் போடுறீங்க. நாப்பது, நாப்பது, நாப்பதுன்னு.”

“ஆமாம்மா. நான் பேச்சு மாறுறவன் இல்ல.”

“காத்து மாறுதுங்களே, ஐயா.”

அவையோரே, நான் என்ன நினைத்தேன்? மூன்று எண் சொல்பவன் தப்பிக்க வழி தேடுபவன் என்று நினைத்தேன். முப்பத்தொரு ஆண்டுகளாக வாடிக்கையாளருக்குச் சொன்ன அதே தோரணையில் காற்றுக்கும் சொல்லிப் பார்த்தேன். காற்று என் கடைக்கு வந்து பொருள் வாங்குகிற ஆள் இல்லை.

என்னோடு பிறந்தவள் ஒரு தங்கை. மலையடிவாரத்தில், கணவாய்ச் சாலை திரும்பும் இடத்தில், சலவைக்கூடம் நடத்துகிறாள். நான்கு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அவளிடம் வருகின்றன. பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். இயந்திரத்தில் துவைத்தாலும் காயவைப்பது வெளியில்தான், நாற்பது கொடிகள். கொடிக்கயிறு என் கடையில் வாங்குகிறாள், தள்ளுபடி இல்லாமல். பொறியாளர் பேச்சைக் கேட்ட மறுநாள் அவளுக்குக் கயிறு இறக்கப் போனேன். காலை ஒன்பதரை மணி. ஒரு ஓட்டல் மேலாளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு லோடு அனுப்புங்க, சார். சீக்கிரம்னா ரெண்டு மணிக்குக் காஞ்சிடும். சாதாரணமா மூணரை. ரொம்ப இழுத்தா அஞ்சு. அஞ்சையும் தாண்டிச்சுன்னா நேர்ல வந்து திட்டுங்க, வாங்கிக்கிறேன்.”

கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்க மறந்து நின்றேன். இரண்டு, மூன்றரை, ஐந்து. மூன்று எண்!

“எப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“நோட்டைப் பாத்துத்தான்” என்றாள். “கயித்தைக் கீழ வை, அண்ணே. தோள் வலிக்குதுன்னு அப்புறம் அண்ணிகிட்ட என்னைத்தான் சொல்லுவ.”

நீல அட்டை நோட்டு. ஏழு ஆண்டுகள். ஒரு நாள் விடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் ‘சொன்னது’. இன்னொன்றின் தலையில் ‘நடந்தது’. நாளைக்கு எப்போது காயும் என்று அவள் இன்று சொன்னது ஒரு பக்கம்; மறுநாள் காய்ந்தது ஒரு பக்கம். எந்தக் கொடி முதலில் காய்ந்தது, ஒரு விரிப்புக்கு எத்தனை கிளிப் போட வேண்டி வந்தது என்பதும் உண்டு. காற்று மந்தமென்றால் இரண்டு கிளிப். வீசினால் மூன்று. கணவாய் வழியாகப் பாய்ந்து வந்தால் ஐந்து போட்டாலும் விரிப்பு அடுத்த தோட்டத்துக்குப் பறக்கும்.

நான் உங்களைக் கேட்கிறேன். சொன்னதையும் நடந்ததையும் அருகருகே எழுதிவைக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? சொன்னது பலித்தால் சுவரெல்லாம் எழுதுகிறோம். சொன்னது பொய்த்தால் யார் சொன்னது என்று கேட்கிறோம். அவள் எழுதினாள். பலித்த நாளிலும் எழுதினாள், பொய்த்த நாளிலும் எழுதினாள், மேலாளர் வந்து திட்டிய நாளில் திட்டியதையும் சேர்த்து எழுதினாள்!

சந்தை, பழைய நாட்களில் மலைமேல் எவ்வளவு மின்சாரம் வந்தது என்பதை எல்லோருக்கும் காட்டுகிறது. நான் அதையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று கிளிப் நாளில் மலையில் எவ்வளவு, ஐந்து கிளிப் நாளில் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டேன். மறுநாளிலிருந்து, நாளைக்கு எத்தனை கிளிப் என்று அவள் சொல்லச் சொல்ல, பட்டியலைப் பார்த்து மூன்று எண் அனுப்பினேன். மற்றவர்கள் எல்லோரும் ஒரே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்பவர்கள். ஆகவே எல்லோரும் ஒன்றாகச் சரியாவார்கள், ஒன்றாகத் தவறுவார்கள். பிற்பகலில் கணவாய்க் காற்று திரும்பும் நாளில் எல்லோரும் தவறினார்கள். அந்த நாட்களில் கூட்டுக் கணிப்பைத் தாங்கிப் பிடித்தது துணி கிளிப்!

யாரோ கேட்கிறீர்கள், “எவ்வளவு வந்துச்சு?” என்று. வியாபாரிகள் கூட்டம் அல்லவா, கேட்காவிட்டால்தான் கவலைப்பட்டிருப்பேன். கடைசியில் சொல்கிறேன்.

இனி என் தவறு. சந்தையில் பங்கெடுப்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்று நான் பீற்றிக்கொண்டேன். எனக்குச் செயற்கைக்கோள் வேண்டாம், ஒரு நோட்டு போதும் என்றேன். பத்தே நாளில் கணிப்புக் கம்பெனி ஒன்றின் ஆள் என் கடை வாசலில் நின்றார். கெட்டவர் அல்ல, வாங்க வந்தவர். நோட்டை மொத்தமாக விலைக்குக் கேட்டார். நிபந்தனை ஒன்று: பிரதி எடுக்கக் கூடாது, அதை வைத்து இனி யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. நான் ஒரு விலை சொன்னேன். அவர் மூச்சுவிடுவதற்குள் சரி என்றார். நானும் சரி என்றேன். முன்பணம் வாங்கவில்லை. என் வாக்குப் போதும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“நோட்டு யாருது, அண்ணே?”

“உன்னுதுதான்.”

“வாக்கு யாருது?”

“என்னுது.”

“அப்ப உன் வாக்கைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. நோட்டு இங்கயே இருக்கும்.”

“நல்ல விலை, தங்கச்சி. ஏழு வருஷம் துவைச்சாலும் மிஞ்சாத விலை.”

“சரி, வித்துட்டேன்னு வை. நாளைக்கு ஒன்பதரைக்கு ஓட்டல்காரர் போன் பண்ணுவார். நான் என்ன சொல்ல? எங்க அண்ணன் கடைப் பலகையைப் போய்ப் பாருங்கன்னா?”

மடிப்பு மேசையில் நின்ற பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் கீழே குனிந்தார்கள். சிரிப்பை மறைக்க என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. எப்போது காயும் என்று சொல்ல முடியாத சலவைக்கூடத்துக்கு எந்த ஓட்டல் துணி அனுப்பும்? என் வாக்கு நிலைத்தால் அவர்கள் வேலை நிலைக்காது. கணக்குத் தெரிந்த எனக்கு இந்தக் கணக்கு அதுவரை தெரியவில்லை.

மறுநாள் பதினேழாம் தேதி. கம்பெனிக்காரர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

“உங்க கடைப் பலகையில என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“ஒரே விலை.”

“அப்ப இது?”

“என் சரக்குக்குத்தான் அது, தம்பி. என்னுது இல்லாத பொருளுக்கு நேத்து விலை சொல்லிட்டேன். சொன்னது தப்பு. இப்ப மாறுறதும் தப்புத்தான். ரெண்டுல சின்னதை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.”

அவர் கோபப்படவில்லை. கடைவீதியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அவைத்தலைவர் அவர்களே, அந்த நாற்காலியைப் பற்றி. சந்தை கேட்கும் கேள்வியை நீங்களும் கேளுங்கள். இவனை எடுத்துவிட்டால் தீர்ப்பு எவ்வளவு கெடும்? என் ஒரே சொல்லுக்காகத்தான் அதில் என்னை வைத்தீர்கள். அந்தச் சொல் இப்போது இரண்டாகிவிட்டது. ஆகவே வழக்குக் கேட்கும் அறையின் சாவியை இதோ மேசைமேல் வைக்கிறேன். வருத்தம் இல்லை. முதுகுவலிக்கு அந்த நாற்காலி அவ்வளவு நல்லதும் இல்லை. வேண்டாம், யாரும் எழுந்து நிற்க வேண்டாம். உட்காருங்கள்.

ஆனால் ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். இதே அவையில் இருக்கிறார் பனிக்கட்டி ஆலைக்காரர். எந்த நாளில் வெயில் முன்கூட்டியே ஏறும் என்று அவருடைய லோடு வண்டிகளுக்குத் தெரியும். இருக்கிறார் பெயிண்ட் கடைக்காரர். எந்த வாரம் சுவர் காயாது என்று அவருக்குத் தெரியும். இருக்கிறார்கள் கூரைமேல் சூரியத் தகடு கழுவும் குழுவினர். எந்தத் தகட்டில் எத்தனை நாள் தூசி என்று அவர்களுக்குத் தெரியும். வானத்தைக் கருவி பார்க்கட்டும். வாசலை நீங்கள் பாருங்கள்! மேகத்தை அவர்கள் அளக்கட்டும். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்! உங்களிடம் இருப்பதை மொத்தமாக விற்றுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். கையில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடம் சொல்லுங்கள், சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தெரிந்தது எவ்வளவு என்று சொல்ல ஓர் எண் போதும். தெரியாதது எவ்வளவு என்று சொல்லத்தான் மூன்று எண் வேண்டும். அதைச் சொல்பவன் நழுவுகிறவன் அல்ல, நாணயமானவன்! இதைக் கற்க எனக்கு முப்பத்தொரு ஆண்டும் பத்தொன்பது பூஜ்யமும் ஆயின.

பொறுமையாகக் கேட்ட அவைத்தலைவருக்கும், இடையிடையே சிரித்து உதவிய தாய்மார்களுக்கும், கடைசிவரை நழுவாத கதவோர நண்பர்களுக்கும் என் நன்றி. எவ்வளவு வந்தது என்று கேட்டவரே, மறக்கவில்லை. மொத்தத் தொகையை என் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அது அவளுடையது. என் பங்குக்குப் பேசி முடித்ததைச் சொல்கிறேன்.

தினமும் காலை பத்து மணிக்குள் மூன்று எண்ணையும் அவள் சொல்வாள், நான் அனுப்புவேன். நோட்டு சலவைக்கூடத்தை விட்டு நகராது. அவள் பொருளுக்கு நான் யாரிடமும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடிக்கயிறு இனி அடக்க விலைக்கு. சந்தை தருவதில் நூற்றுக்கு இருபது வேண்டும் என்று கேட்டேன். பத்து என்றாள். கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடு என்று இழுத்தேன்.

“ஒரே விலை, அண்ணே” என்றாள்.

நூற்றுக்குப் பத்து. வணக்கம்.