அக்கா பெயரில் வந்த வருமானம்

உட்காரச் சொன்னதற்கு நன்றி மேடம். வரி அலுவலகம் என்றால் நின்றுகொண்டேதான் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. போன வருடம் வரை என் அக்கா பெயரில் இருந்த இணையதள விளம்பரக் கணக்கு என் பெயருக்கு எப்படி மாறியது? கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார், தம்பி வாரிசு, அதனால் மாறியது. படிவத்தில் அவ்வளவு எழுதத்தான் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பொறுமையாகக் கேட்கிறவர் போலத் தெரிகிறீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவன். வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகளை வைத்து உடல்நலம் பற்றி ஓர் இணையதளம் தொடங்கினேன். மூட்டுவலி, தூக்கமின்மை, சர்க்கரை என்று தினம் ஒரு கட்டுரை. பக்கத்தில் விளம்பரம் ஓடும். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதற்கேற்ப ஒரு வெளிநாட்டு நிறுவனம் மாதாமாதம் வங்கியில் பணம் போடும். இரண்டாம் வருடம் அது என் சம்பளத்தைத் தாண்டியது. கடைக்குக் கணக்குப் பார்க்க வரும் ஆடிட்டரிடம் யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன்.

"வெளிநாட்டுக் காசுக்கெல்லாம் இங்க வரி உண்டா சார்?"

"எங்கேர்ந்து வந்தா என்னப்பா? உன் கைக்கு வந்தா அது உன் வருமானம். சம்பளத்தோட சேத்துக் காட்டணும்."

சேர்த்துக் காட்டினால் கணிசமாகப் போய்விடும். அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள். வரி வரம்புக்குப் பக்கத்தில்கூட வராத வருமானம். கணக்கை அவள் பெயருக்கு மாற்றினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வாயில் குண்டூசி வைத்திருந்ததால் கேட்க முடியவில்லையோ என்னவோ.

விளம்பரப் பணம் வளர்ந்து அவளுடைய வரம்பையும் தாண்டியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவளுடைய வரிப் படிவத்தை நானே நிரப்பினேன். தையல் வருமானம் மட்டும் என்று எழுதி, அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். வேலைக்கு நடுவில் அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

வங்கியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. நீங்கள் அவள் பெயருக்கு அனுப்பிய முதல் இரண்டு கடிதங்களை அவளுக்குத் தெரியாமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவதைத் தபால்காரர் அவளிடமே கொடுத்துவிட்டார். இருபத்தோராம் தேதி நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது.

நான் போனபோது கடிதம் தையல் மெஷின் மேல், பாதி தைத்த சட்டைக் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்டா. தம்பிதான் நடத்துறான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அபராதத்தோட போயிடும்."

"கையெழுத்து யார் போட்டதுன்னு கேப்பாங்க அக்கா. அதுக்கு ஜெயில்."

"கேட்டா நீன்னுதான் சொல்லுவேன். எனக்குப் பொய் பேச வராதே."

அது உண்மைதான். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் பத்து நாள் இருந்தது.

அக்காவுக்கு இதயம் பலவீனம். நான்கு வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். கடையிலிருந்து நான்தான் வாங்கிக் கொடுப்பேன். நான் மாத்திரையை மாற்றவில்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கட்டுரை எழுதினேன். அது என் தொழில்.

இதய மாத்திரையை விட்டுவிட்டால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்பது கட்டுரை. இல்லாத ஒரு மருத்துவரைப் பேச வைத்தேன். மாத்திரையை விட்டுக் குணமடைந்ததாக ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதினேன். அவளும் தையல் வேலை செய்கிறவள். அக்கா என் தளத்தை ஒரு நாள் விடாமல் படிப்பாள். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் தம்பி எழுதியது என்று போனைக் காட்டுவாள்.

"டேய், மாத்திரைய விட்டா நெசமாவே ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டாள்.

"நிறையப் பேர் விட்டிருக்காங்க அக்கா" என்றேன். நீயும் விடு என்று நான் சொல்லவில்லை.

மாத்திரையை விட்ட ஆறாம் நாள் மதியம் கடைக்குப் போன் செய்தாள். "படி ஏற முடியலடா. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. மாத்திரையப் போட்டுக்கட்டுமா?"

"முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். கட்டுரையிலேயே போட்டிருக்கேனே."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பில்லுக்கு ஆட்கள் நின்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

உண்மையில் அந்த வரி கட்டுரையில் இல்லை. அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டேன். அக்காவிடம் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது அல்லவா.

பத்தொன்பதாம் தேதி காலை, மகளுக்குச் சீருடை வாங்க வந்த ஓர் அம்மாதான் அவளை முதலில் பார்த்தார். மெஷின் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்று நினைத்தாராம். இதய நோயாளிதானே, டாக்டர் இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார். நான் அழுதேன் மேடம். நடிக்கவில்லை.

இறப்புச் சான்றிதழை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். யார் கையெழுத்து என்ற கேள்வி அதோடு முடிந்தது. வரிப் பாக்கி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் வாரிசு என்ற முறையில் நானே கட்டினேன். அக்கா பெயரில் ஒரு கறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கட்டுரையை எடுத்துவிட்டாயா என்று கேட்க நினைக்கிறீர்கள். எடுப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் அதற்குள் அறுபதாயிரம் பேர் படித்துவிட்டார்கள். இன்றைக்கும் என் தளத்தில் அதிகம் படிக்கப்படுவது அதுதான். கால் வீங்குகிறது என்று சிலர் கீழே எழுதுகிறார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் விடாமல் பதில் போடுகிறேன். அந்தப் பக்கத்தால் வருகிற ஒவ்வொரு காசையும் என் பெயரில் காட்டி, நானே கையெழுத்திட்டு, உரிய தேதிக்குள் வரி கட்டிவிடுகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள் மேடம். நான் யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை.