அலுமாரிக்குள் இருந்த கால்

"என்ர காலை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவள் நீ!"

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. ஊன்றுகோல்களில் நின்ற ஒற்றைக்கால் மனிதர் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார். அவள் கையில், சீலையில் சுற்றிய செயற்கைக் கால்.

"உப்புத்தண்ணி பட்டுப் பழுதாப் போயிடுமெண்டு பயந்தனான்."

"ஒவ்வொரு நாளும் போட்டு நடக்கச் சொன்னவையெல்லே! திறப்பைத் தா, திறப்பைத் தாவெண்டு ஒரு மாசமாக் கேட்டனான். இண்டைக்கு ஆஸ்பத்திரியில போட்டுப் பாத்தால் ஏறுதில்லை. வெட்டின இடம் வீங்கிப் போச்சாம். பயிற்சி தாற பிள்ளை என்னையெல்லே ஏசுது!"

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"நடந்தால் நேர வள்ளத்தில மீன்பிடிக்கத்தானே போவியள்? ஒரு காலைக் கடலில விட்டது காணாதே?"

"அப்ப மிச்சக் காலையும் கழட்டி அதுக்குள்ள வைச்சுப் பூட்டன்!"