வழி தப்பிப் போன குரங்கு

யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காது. கரியை எரித்து ஓடுகிற திருமங்கலம் பஸ் பழங்காநத்தத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“நாங்க வழி தப்பிப் போன பாதையிலயே அந்தக் குரங்கு திரும்பி வந்துருச்சுண்ணே.”

“எந்தக் குரங்கு?”

“என் கடலைக்காட்டை அழிச்சதே, காது கிழிஞ்சது. அடிச்சாப் பாவம்னு கூண்டுல வச்சு அழகர்மலையில விடக் கொண்டுபோனோம். வண்டிக்காரரு பாதை மாறி ஊமச்சிகுளம் போயிட்டாரு. அங்க ஒரு மோர்க்கடையில வழி கேட்டுத்தான் மலைக்குப் போய்ச் சேந்தோம்.”

“சரி.”

“எட்டாம் நாள் என் கடலைக்காட்டுல வந்து நிக்குது. நேத்து அந்த மோர்க்கார அம்மாவைச் சந்தையில பாத்தேன். ‘உங்க குரங்கு எங்க கூரையில ஏறி உக்காந்து, உங்க வண்டி வந்த பாதையைப் பாத்துட்டு அந்த வழியாவே போச்சு’ன்னாங்க.”



“அடுத்த தடவை கூண்டைச் சாக்கால மூடிக் கொண்டுபோ மாப்ள.”

“மூடலாம். ஒரு தடவை பாத்த மரத்தையும் கூரையையும் இம்புட்டு நாள் வச்சிருந்த கண்ணுண்ணே அது. மூட மனசு வரல. கடைசி நாலு வரிசைக் கடலையை அதுக்குன்னு புடுங்காம விட்டுட்டேன்.”