பிளக் பாயிண்ட்டுக்குப் போட்ட மாலை

கும்மிடிப்பூண்டி போகும் காலை லோக்கலில் எனக்கு எதிரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். ஒருவர் வழுக்கை, இன்னொருவர் இளையவர். வழுக்கைக்காரர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ஆயுத பூஜைக்கு பிளக் பாயிண்ட்டுக்கு மாலை போட்டேன்பா.”

“பிளக்குக்கா? இன்னாண்ணே சொல்ற?”

“பேட்டரி காரு புக் பண்ணி ஆறு மாசமாவுது. பூஜைக்குள்ள வந்துரும்னு உங்க அண்ணி பூவு, பழம் எல்லாம் வாங்கி வச்சுட்டா. காரு வரல. சார்ஜ் போட வாசல்ல வச்ச பிளக்கு தான் இருந்துச்சு. அதுக்கே பொட்டு வச்சுட்டோம்.”

“அப்ப டயருக்கு அடில வைக்கிற எலுமிச்சம்பழம்?”

“நானே மிதிச்சேன்.”

இளையவர் சிரித்து முடிக்கும்வரை அவர் சிரிக்கவில்லை.

“காரு வர்ற வரைக்கும் பிளக்கு சும்மா தானே கெடக்குது?”

“சும்மாவா? தெரு பூரா லோ வோல்டேஜ். காருக்குன்னு நான் தனி லைன் இழுத்தேன்ல, எல்லார் ஊட்டு கிரைண்டரும் என் வாசல்ல தான் சுத்துது.”

பொன்னேரி தாண்டியதும் அவருடைய செல்போன் அடித்தது. ஷோரூம். எழுந்து நின்றே பேசினார்.

“வந்துருச்சா சார்! நாளைக்கா? நாளைக்கு வாணாம் சார். ஆமா சார், தெனம் போன் போட்டு பேஜாரு பண்ணது நான் தான். எதிர் ஊட்டுல வளைகாப்பு, நாள் பூரா மாவு ஆட்டுவாங்க. பிளக்கு காலி இல்ல.”

போனை வைத்தவரை இளையவர் வாய் பிளந்து பார்த்தார்.

“இன்னா பாக்குற? ஆறு மாசம் நான் காத்துக்கினு இருந்தேன்ல? ரெண்டு நாளு காரு காத்துக்கினு இருக்கட்டும்.”