வாலுவின் பத்து விரல்கள்

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். காவலர் என் கட்டைவிரலில் மையை அப்பிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. ரேகை எடுக்கிற இயந்திரம் இன்று பார்த்துப் படுத்துக்கொண்டது, அவரும் பாவம், பழைய மைத்தட்டைத் தேடி எடுத்து வந்திருக்கிறார். ஆனால் மை என்பது விரலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே உருட்டு. திரும்ப உருட்டினால் போச்சு. வேண்டுமானால் அந்த அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

இதே அறையில் இருபத்திரண்டு வருஷம் ரேகை எடுத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா, நீங்களே என்னை மைக்காரம்மா என்றுதானே கூப்பிடுவீர்கள். புது வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பிள்ளையைத் தத்தெடுக்கிறவர்கள், எல்லோரும் தங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று சான்று வாங்க என்னிடம் வந்தாக வேண்டும். ஒரு பாவமும் அறியாதவர்கள்தான் அதிகமாக நடுங்குவார்கள். "கையைத் தளர விடுங்க, கல்யாணத்துக்கா போறீங்க, இவ்வளவு பயப்படறீங்க" என்பேன். சிரித்துவிடுவார்கள். சிரிக்கிற நேரத்தில் விரலை உருட்டிவிடுவேன். என் அட்டை தெளிவில்லை என்று தலைமையகத்திலிருந்து ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, என் தங்கையுடையது வரும்வரை.

தங்கையை வீட்டில் வாலு என்போம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபது. அன்றிலிருந்து அவளுக்கு அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றேன். இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. அவள் இருக்கும்போது வீட்டில் வேறு யாருக்கு இடம் இருக்கிறது? ஓயாமல் பேசுவாள், பாத்திரம் கழுவும்போது பாடுவாள், நான் கோபித்துக்கொண்டால் என்னைப் போலவே மூக்கை உறிஞ்சிக் காட்டுவாள். நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். இங்கே குழந்தைகள் வார்டில் அவள் நுழைந்தால் அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும் என்று பெரிய நர்ஸ் சொல்வார். கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அப்படிப்பட்டவளுக்குக் கடல் தாண்டி ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். சான்றுக்காக ரேகை வேண்டும். வசிக்கிற பகுதியின் காவல் நிலையத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே என்னிடமே வந்தாள். பலகையில் உட்கார்ந்து, "மேடம், நான் பயங்கரமான ஆளு, பாத்து எடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒவ்வொரு விரலையும் ஒரு மயிரிழை திருப்பி அழுத்தினேன். கண்ணுக்கு அட்டை அழகாகத்தான் இருந்தது. கோடுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பதினொரு வாரம் கழித்து அட்டை திரும்பி வந்தது. அவள் கோபப்படவில்லை. "அக்கா, இத்தனை வருஷத்துல உனக்குத் திரும்பி வந்த மொத அட்டையே என்னோடதுதானா" என்று கிண்டல் செய்தாள். நர்ஸுகளுக்கு இது சகஜம், மணிக்கொரு தரம் கை கழுவினால் ரேகை தேயாமல் என்ன செய்யும் என்று விளக்கினேன். அது பொய்யில்லை. கொத்தனார்களுக்கும் அப்படித்தான். இரண்டாம் முறை எடுத்த அட்டையும் திரும்பியது. அந்த வேலை கைவிட்டுப் போனது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பாட ஆரம்பித்துவிட்டாள். நான் செய்தது சரிதான் என்று அப்போது புரிந்தது.

பிறகு அவள் அங்கேயே வேறு ஆஸ்பத்திரிக்கு மனுப் போட்டாள், நம் நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. இரண்டும் ஒரே மாதத்தில். இயந்திரம் நல்லதுதான், ஆனால் அதனிடம் கைவரிசை காட்ட முடியாது. ரேகை தெளிவாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் திரையில் தெரியும். ஆகவே விரலிலேயே ஏதாவது செய்தால்தான் உண்டு என்றாகிவிட்டது. பாத்திரம் கழுவுகிற திரவத்தில் குளியலறைத் தரைக்கு ஊற்றுவதைக் கொஞ்சம் கலந்தேன். அளவோடுதான். மேல்தோல் போனால் மூன்று நான்கு வாரத்தில் ரேகை பழையபடி வந்துவிடும், ஆழமாகப் போனால்தான் வராது. தொழில் தெரிந்தவள் என்பதால் அந்த எல்லையைத் தாண்டவே இல்லை. அவள் பாத்திரம் கழுவிய பிறகு நான் ஒருமுறை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுவேன். வயிற்றுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே.

எட்டு விரல்களுக்குச் சிவப்பு விழுந்தது. தோல் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். சோப்பை மாற்றுங்கள் என்றார். புட்டியை மட்டும் மாற்றினேன். விரல் நுனியெல்லாம் உரிந்து சிவந்திருந்ததால், பிள்ளைகளைத் தொட வேண்டாம் என்று வார்டிலிருந்து அவளைப் பதிவேடு எழுதும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு என் மடியில் படுத்து அழுதாள். அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மேஜை வேலையில் ஒரு வசதி, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

என் கெட்ட நேரம், அவளை ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். விடுதிச் சாப்பாடு, பாத்திரம் கழுவுகிற வேலை இல்லை. திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். "அக்கா, பாரு, எல்லாம் திரும்பி வந்துடுச்சு. நாளைக்குக் காலையிலேயே வரேன், மொத ஆளா எனக்கு எடுத்துடு." பார்த்தேன். வலது சுட்டுவிரலில் சுழி ஒன்று, அச்சடித்தது போல. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு அழகான ரேகையை நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கண் கலங்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய கலவை மெதுவாக வேலை செய்யும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை. மறுநாள் காலையில் பச்சை விழுந்துவிடும், மாதக் கடைசியில் அவள் போய்விடுவாள். பாத்திரம் கழுவும்போது கையுறை போடும்படி பெரிய நர்ஸ் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வாங்கி வந்த புதுக் கையுறையின் விரல்களில், சாக்கடை அடைப்புக்குப் போடுகிற தூளைக் கொஞ்சம் போட்டு வைத்தேன். அவள் கை ஈரமாக இருந்தது. நான்தான் கையுறையைப் பிரித்துப் பிடித்தேன், சின்ன வயதில் அவளுக்குச் சட்டை மாட்டிவிடுவது போல.

அவள் கத்தியதும் கையுறையை உருவி, கைகளைக் குழாயடியில் பிடித்ததும் நான்தான். அரை மணி நேரம் விடவே இல்லை. உடனே தண்ணீர் விட்டதால்தான் கை தப்பியது என்று டாக்டரே சொன்னார். விரல் நுனிகள் மட்டும் இனி வழுவழுவென்றுதான் இருக்குமாம். தண்ணீர் விட்டதை எழுதிக்கொண்டீர்களா? எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒன்பது நாள். ஐயா, என் வாழ்நாளில் அப்படி ஒன்பது நாள் வாய்த்ததில்லை. ஊட்டிவிட்டேன், தலை வாரினேன், பல் துலக்கிவிட்டேன். வாயைத் திற என்றால் திறப்பாள். ஆறு வயது வாலு திரும்ப வந்துவிட்டாள். பேச்சு குறைந்துவிட்டது, பாட்டு அறவே இல்லை, வலி இருக்கும்தானே. நான் வேலைக்கு வரும்போது கதவைப் பூட்டிக்கொண்டு வருவேன். கட்டுப்போட்ட கையோடு எங்கேயாவது விழுந்துவைத்தால் யார் பார்ப்பது?

டாக்டர் கையுறையைக் கொண்டுவரச் சொன்னார். தூக்கி எறிந்துவிட்டேன் என்று அவள் எதிரிலேயே சொன்னேன். தப்பு அங்கேதான். எனக்கு எதையும் எறிய மனசு வராது, ஓட்டை ஒடிசல் இல்லாத புதுக் கையுறை. அலசி, பின்பக்கக் கொடியில் காயப்போட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் ஜன்னல் வழியே அதை அவள் பார்த்துவிட்டாள். நான் இங்கே வந்ததும் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறாள், மாடியில் இருக்கிற தையல்காரம்மா பூட்டை உடைத்திருக்கிறார். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். உங்கள் அறைக்கு அடுத்த இந்த அறையில் நான் யாருக்கோ ரேகை எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் குரல்கூட எனக்குக் கேட்கவில்லை.

செய்தது நான்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் புகாரில் அவள் எப்படிக் கையெழுத்துப் போட்டாள்? கட்டுக்குள் இருக்கிற விரலால் பேனா பிடிக்க முடியாது. ரேகையும் வைக்க முடியாது, அதற்கு நான் உத்தரவாதம். இரண்டும் இல்லாத காகிதம் எப்படிச் செல்லும்? பிள்ளை ஏதோ கோபத்தில் சொல்லியிருக்கிறாள், கிழித்துப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள், பார்க்கிறேன்.

கால் கட்டைவிரல். இடது கால். கை இல்லாதவர்களுக்கு அப்படித்தான் எடுக்க வேண்டும், விதியில் இருக்கிறது. இவ்வளவு வருஷத்தில் எனக்கு ஒருதரம்கூட அதற்குத் தேவை வரவில்லை. யார் எடுத்தது, நீங்களா? மை சரியான அளவு, ஒரே உருட்டு, ஒரு கோடுகூட ஒட்டவில்லை. இதைத் தலைமையகத்துக்கு அனுப்பினால் சான்று கொடுத்துவிடுவார்களோ? அதை வைத்துக்கொண்டு அவள் போய்விடலாமோ?

பரவாயில்லை, தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. அவள் வீட்டுக்கு வரட்டும் ஐயா, இனிமேல் அவளுடைய கால்களையும் நானே கவனித்துக்கொள்கிறேன்.