காற்று இருந்தது, சுமக்க ரத்தம் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, பூனைக்கூடையை மடியில் வைத்தபடி கண்கலங்கி அமர்ந்திருக்கும் அன்பர்களே, செவிலியர்களே, வணக்கம்.

நம் ஈறு டாக்டர் போய்விட்டார். அந்தப் பெயர் ஏன் வந்தது? எந்தப் பூனை வந்தாலும் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைத்தான் பார்ப்பார். ரத்தமில்லாமல் வெளுத்திருந்தால், "இறுக்கிப் பிடிக்காதீங்க, மிரண்டாலே உயிர் போயிடும்" என்று என்னையும் சேர்த்து அதட்டுவார். நானும் டாக்டர்தான், அவர் பக்கத்து மேசை.

தலைவர் அவர்களே, ஆக்சிஜன் பெட்டியை நீங்கள் திறந்துவைத்த நாள் நினைவிருக்கிறதா? அன்று தெள்ளுப்பூச்சிகள் ரத்தம் குடித்துத் தீர்த்த ஒரு குட்டி மூச்சிரைக்க வந்தது. "பெட்டியில வைங்க, பத்திரிகைக்குப் படம் எடுக்கணும்" என்றீர்கள். அவர் என்ன சொன்னார்?

"வைக்கிறேன் சார், கொஞ்சம் ஆசுவாசமா இருக்கும். ஆனா காத்துக்கா பஞ்சம்? நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. அங்கேர்ந்து உடம்பு பூரா சுமந்துட்டுப் போற சிவப்பணுதான் இல்ல. சரக்கு குவிஞ்சு கிடக்கு, வண்டியக் காணோம். இதயம் தனியா கிடந்து அடிச்சுக்குது பாருங்க."

நீங்கள் சிரித்தீர்கள். அவர் பின்னறைக்கு ஓடினார். ரத்தம் கொடுப்பதற்கென்றே அவர் வளர்த்த பூனைகள் அங்கே இருந்தன. மாற்று வகை ரத்தம் ஏறினால் பூனை செத்துவிடும் என்பதால் வகை பார்த்தார், எடுத்தார், ஏற்றினார். குட்டி பிழைத்தது. மறுநாள் பத்திரிகையில் பெட்டியும் நீங்களும் இருந்தீர்கள்.

உயிரோடு இருந்தவரை 'பூனைப் பைத்தியம்' என்றவர்கள் இன்று 'தங்கமான மனுஷி' என்கிறீர்கள். அந்தப் பின்னறையைக் காலி செய்து அவர் பெயரில் நினைவு அறை வைக்கப் போகிறீர்களாம். பூனைகளை எங்காவது விட்டுவிட வேண்டுமாம். பெற்ற பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டுத் தாய்க்குப் படம் மாட்டுவதா? இதற்குப் பெயர் மரியாதையா?

முன்வரிசையில் அவருடைய தங்கை இருக்கிறார். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்குப் படமெல்லாம் வேணாம்ணே. அந்தப் பூனைங்களை மட்டும் கைவிட்டுடாதீங்க" என்றார்.

தங்கச்சி, இப்போது சபையறியச் சொல்கிறேன். கைவிட மாட்டோம். வார்டில் ஒரு தாய்ப்பூனை ரத்தமில்லாமல் துவண்டு கிடக்கிறது. அதற்குப் பொருந்தும் பூனை பின்னறையில்தான் இருக்கிறது. ஆகவே மௌன அஞ்சலிக்கு நான் நிற்கப்போவதில்லை. செவிலியர்களே, எழுந்திருங்கள், வேலை இருக்கிறது. தலைவர் அவர்களே, அறையைப் பூட்ட ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள். நாங்கள் உள்ளேதான் இருப்போம்.